யாரும் ஏறாத விமானங்கள்: டிக்கெட் கவுண்டரிலிருந்து நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் தளத்துக்கு ஒரு விமர்சனம்

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. திருச்சியில் எங்கள் டிராவல்ஸ் கடையில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன். டிசம்பர் 15 முதல் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மறுபடி ஓடும் என்று அறிவிப்பு வந்த நாள் அது. இருபது மாதமாக வந்தே பாரத் மீட்பு விமானம், இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஓட்டிய ஏர் பபுள் விமானம் என்று அரையும் குறையுமாக டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அன்றுதான் தீபாவளி. அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் புதிதாகக் கண்டறிந்த ஒரு வைரஸ் திரிபுக்கு ஓமிக்ரான் என்று பெயர் வைத்தது. டிசம்பர் 1 அன்று விமானங்கள் மறுபடி ஒத்திவைக்கப்பட்டன. அவை உண்மையில் ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27-இல். கேசரிக்குக் கொடுத்த 240 ரூபாயைக்கூட அந்த மாதம் நான் சம்பாதிக்கவில்லை.

அந்த வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கோவையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தான். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு என் லேப்டாப்பில் நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் என்ற தளத்தைத் திறந்து, "சித்தி, எந்த வைரஸ் எந்த நாட்டுலேருந்து எங்க போச்சுன்னு இதுல பாக்கலாம்" என்றான். ஒரு பக்கம் வண்ண வண்ணமாகக் கிளை பிரியும் மரம், இன்னொரு பக்கம் உலகப்படம். படத்தின் மேலே இருந்த பிளே பொத்தானை அழுத்தினான். தேதி நகர நகர நாடுகளின் மேல் வட்டங்கள் பெருத்தன, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வளைந்த கோடுகள் பறந்தன. விமானத்தில் சீட் பையில் செருகியிருக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து ரூட் மேப் உயிர்பெற்று எழுந்தது போல இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

அன்று முதல் நெக்ஸ்ட்ஸ்ட்ரெயினை அடிக்கடி திறந்து பார்க்கிறேன். பிளஸ் டூவில் பயாலஜி படித்ததோடு சரி, எனக்கு அறிவியல் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக யார் எங்கிருந்து எங்கே, எதன் வழியாகப் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு எழுதும் விமர்சனம் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தளம் இலவசம். லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது, விளம்பரம் கிடையாது. அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் டிரெவர் பெட்ஃபோர்டும் சுவிட்சர்லாந்தில் பாசலில் இருக்கும் ரிச்சர்ட் நெஹரும் என இரண்டு விஞ்ஞானிகள் 2015-இல் ஃப்ளூ வைரஸுக்காக மட்டும் நெக்ஸ்ட்ஃப்ளூ என்று தொடங்கியது, பிறகு எபோலா, ஜிகா என்று விரிந்து, 2017-இல் ஓப்பன் சயின்ஸ் பரிசு வாங்கியது. ஆகவே கொரோனா வந்தபோது கடை ஏற்கனவே திறந்திருந்தது, சரக்கு மட்டும்தான் வரவேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து முதல் மரபணு வரிசை (வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்த பதிவு) பொதுவில் வெளியானதும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு டெங்கு, தட்டம்மை, குரங்கம்மை, பறவைக் காய்ச்சல் என்று பல மரங்கள் அங்கே இருக்கின்றன. டெங்குவின் நான்கு வகைகளுக்கும் தனித்தனி மரம்.

மரத்தைப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அக்கா மகன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், மண்டையில் ஏறவில்லை. கடைசியில் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சின்ன வயதில் வீட்டுக்கு சாமி கடிதம் வரும், ஞாபகம் இருக்கிறதா? "இதைப் படித்தவர் 13 பேருக்கு எழுதி அனுப்பவும், அனுப்பியவருக்கு லாட்டரியில் பத்தாயிரம் கிடைத்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்" என்று போஸ்ட் கார்டில் இருக்கும். பார்த்து எழுதும்போது யாராவது ஒருத்தர் பத்தாயிரத்தைப் பதினாயிரம் என்று எழுதிவிடுவார். அவரிடமிருந்து வாங்கியவர்கள் எல்லோரும் பதினாயிரம் என்றே எழுதுவார்கள். அதில் ஒருத்தர் ரத்தம் என்பதை ரதம் ஆக்கிவிடுவார். ஊரில் உள்ள அத்தனை கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு பிழைகளை மட்டும் பார்த்தால், யார் எந்தக் கார்டு வழியில் வந்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அப்படிப் பிழைகளை வைத்துப் போட்ட வம்சாவளிதான் தளத்தில் இருக்கும் மரம். கொரோனா வைரஸ் சுமார் 30,000 எழுத்துள்ள கார்டு. ஆள் மாறி ஆள் மாறிப் போகையில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்து மாறி நிலைத்துவிடும். தளத்தில் 'கிளாக்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் மரம் கலைந்து புள்ளிகளாகி, ஒரு சாய்ந்த கோட்டின் இருபுறமும் வந்து உட்காரும். நாள் ஏற ஏற பிழையும் ஏறுகிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது. யாரும் அதிகம் தொடாத பொத்தான், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இனி என் பெரிய புகார். அந்த வளைந்த கோடுகள்.

பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது, ஒரு கோடு என்றால் ஒரு பயணி என்றுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாடுகளுக்கு நடுவே கோடு பார்த்ததும், "இந்த செக்டரில் நேரடி விமானமே கிடையாதே" என்று அக்கா மகனிடம் சண்டைக்குப் போனேன். அப்போதுதான் சொன்னான்: அந்தக் கோட்டில் யாரும் பறந்ததை எந்தக் கம்ப்யூட்டரும் பார்க்கவில்லை. மரத்தின் நுனியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நாட்டில் மாதிரி எடுத்தார்கள், எந்த தேதியில் எடுத்தார்கள் என்று மட்டும் தெரியும். கிளை பிரியும் இடத்தில் இருந்த மூதாதை வைரஸ் எந்த நாட்டில் இருந்திருக்கும் என்பது கணக்குப் போட்டு ஊகிப்பது. அந்த ஊகங்களை இணைப்பதுதான் கோடு. பி.என்.ஆர். இல்லாத டிக்கெட்.

சரி, ஊகம் என்றால் ஊகம். ஆனால் அதைப் புகைந்து மறையும் புள்ளிக்கோடாகப் போடக் கூடாதா? கிளைகள் பிரியும் இடத்தில் சுட்டியை வைத்தால் இந்த நாடு என்பதற்கு இத்தனை சதவீதம் நம்பிக்கை என்று எழுதித்தான் இருக்கிறது. அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? பிளே பொத்தானை அழுத்தும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கோட்டைப் பார்த்துவிட்டு, அந்த நாட்டைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊகம் எங்கே தவறும் என்பதை என் தொழிலில் இருப்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் முதலில் உறுதியான ஓமிக்ரான் தொற்று, நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்த ஒருவருக்கு. மாதிரி எடுத்த இடம் சென்னை. விமானம் வந்த இடம் தோஹா. வைரஸ் ஒட்டிய இடம் நைஜீரியாவாக இருக்கலாம், வழியிலும் இருக்கலாம். மரபணு வரிசையில் இது எதுவும் எழுதியிருக்காது. டிக்கெட்டில்தான் இருக்கும். இதில் இன்னொரு கூத்து: அந்த டிசம்பர் தொடக்கத்தில் இந்தியா வெளியிட்ட அபாய நாடுகள் பட்டியலில் சிங்கப்பூர் இருந்தது, நைஜீரியா இல்லை. என் சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் விமான நிலையத்தில் இறங்கிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். மற்ற நாடுகளிலிருந்து வருபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டும் எடுத்துப் பரிசோதித்தார்கள்.

இதே பிரச்சினையை விஞ்ஞானிகள் 2020-லேயே சந்தித்திருக்கிறார்கள். ஈரானில் நோய் பரவிக்கொண்டிருந்தது, ஆனால் அங்கிருந்து முழு மரபணு வரிசைகள் கிட்டத்தட்ட எதுவுமே பொதுவில் வரவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பரிசோதித்த சிலரின் வைரஸ்களில் ஒரே மாதிரியான பிழைகள் இருந்தன. வெறும் மரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டது என்றுகூடத் தோன்றும். அவர்களிடம் எங்கே போய் வந்தீர்கள் என்று விசாரித்தபோதுதான், ஈரானுக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது. ஒரு நாடு தன் வைரஸைப் படிக்காவிட்டாலும் அங்கிருந்து வந்த பயணிகளின் மூக்கில் அந்த நாட்டின் கதை இருக்கிறது. அதன் பிறகு பயண விவரத்தையும் சேர்த்தே மரம் போடும் கணக்கு முறையைப் பெல்ஜியத்தில் பிலிப் லெமேயும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கினார்கள். நெக்ஸ்ட்ஸ்ட்ரெயினில் நாம் சாதாரணமாகத் திறக்கும் பக்கத்தில் நாடுதான் பெரிதாகத் தெரியும், 'வழி' தெரியாது. எனக்கு வேண்டியது அந்த வழிதான்.

டிக்கெட் விவரம் மட்டுமே தனியாக எவ்வளவு சொல்லும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. வூஹானில் நோய் தொடங்கியபோது, டொரண்டோவில் ஒரு குழு பழைய விமான டிக்கெட் கணக்குகளை எடுத்து, வூஹானிலிருந்து அதிகம் பேர் போகும், சீனாவுக்கு வெளியே உள்ள ஊர்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் பாங்காக். சீனாவுக்கு வெளியே முதல் நோயாளி 2020 ஜனவரி 13-இல் தாய்லாந்தில்தான் உறுதியானார். மரபணு எதுவும் பார்க்காமல், வெறும் சீட் கணக்கு. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. நாங்கள் செய்வதும் ஓர் அறிவியல்தான் போல.

அதற்கும் முன்பே, 2013-இல், ஜெர்மனியில் டிர்க் பிராக்மன் என்ற இயற்பியலாளர் ஹெல்பிங் என்பவரோடு சேர்ந்து ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல், எத்தனை பேர் போய் வருகிறார்கள் என்பதை வைத்து அளந்து காட்டினார். அப்படி அளந்தால் 2003 சார்ஸும் 2009 பன்றிக்காய்ச்சலும் எந்த நாட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தன என்பது கச்சிதமாகப் பொருந்தியது. திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். சிங்கப்பூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். காலையில் மாமியாருக்கு மருந்து வாங்கி மதிய விமானத்தில் கொடுத்து அனுப்புவோம். புவனேஸ்வரம்தான் வெளிநாடு.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. 2020 கோடையில் ஐரோப்பாவில் எல்லைகளைத் திறந்தார்கள். அடைந்து கிடந்த சனம் முழுக்க ஸ்பெயின் கடற்கரைக்குக் கிளம்பியது. அந்த ஜூன் மாதத்தில் ஸ்பெயினில் பெருகிய ஒரு திரிபு, பின்னால் ஈயூ1 என்று பெயர் பெற்றது, இலையுதிர் காலத்துக்குள் பிரிட்டன், அயர்லாந்து, சுவிட்சர்லாந்து என்று பல நாடுகளில் பெரும்பான்மையாகிவிட்டது. எல்லோருக்கும் வந்த சந்தேகம், இது வேகமாகப் பரவும் வைரஸோ என்று. நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் குழுவில் இருந்த எம்மா ஹாட்க்ராஃப்ட் மரத்தையும் பயணிகள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வைரஸுக்குத் தனித் திறமை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விடுமுறைக்குப் போனவர்கள் மறுபடி மறுபடி கொண்டுவந்து இறக்கியதுதான் காரணம். வைரஸுக்கு சீசன் டிக்கெட் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்! இதே போல பிரிட்டனின் முதல் அலையை ஆராய்ந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி முறைகள் வைரஸ் உள்ளே வந்திருப்பது தெரிந்தது. பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலியிலிருந்து. எல்லோரும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த சீனாவிலிருந்து நேராக வந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. முன்கதவில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்த கதை.

தளத்தை நடத்துபவர்களும் தப்பு செய்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி கடைசியில், வாஷிங்டன் மாநிலத்தில் ஜனவரியில் கண்டறிந்த முதல் நோயாளியின் வைரஸும் ஐந்தாறு வாரம் கழித்துக் கண்டறிந்த இன்னொருவரின் வைரஸும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைப் பார்த்து, நடுவில் யாருக்கும் தெரியாமல் ஊருக்குள் பரவியிருக்கிறது என்று பெட்ஃபோர்ட் அறிவித்தார். ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது உண்மை, அந்த எச்சரிக்கை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் முதல் நோயாளியிடமிருந்து அது தொடங்கவில்லை, பிப்ரவரியில் தனியாக வந்து இறங்கிய இன்னொன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று பிறகு மைக்கேல் வொரோபியின் குழு காட்டியது. இடைப்பட்ட கார்டுகள் கையில் இல்லாதபோது, இரண்டு கார்டு ஒன்றுபோல இருப்பதை வைத்து ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்றை எழுதினார்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பேரும் ஒரே மூன்றாவது கார்டைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

கார்டு கையில் இல்லாத சங்கடம் சின்னது இல்லை. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொரோனா வரிசைகள் சேர்ந்திருக்கின்றன. அதில் பிரிட்டனும் டென்மார்க்கும் போட்டுத் தள்ளியவை ஏராளம். எத்தனையோ நாடுகளிலிருந்து விரல்விட்டு எண்ணும்படிதான் வந்திருக்கின்றன. ரசீது போடும் கடையில்தான் வியாபாரம் நடந்ததாகக் கணக்கில் வரும். அதனால் நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் கொட்டாமல், நாடும் மாதமும் பார்த்துச் சில ஆயிரம் வரிசைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தியாவைப் பார்க்க நினைத்து வடிகட்டினால் நாலைந்து புள்ளிதான் மிஞ்சுகிறது. நாம் தொடங்கியதே தாமதம்: இன்சாகாக் என்ற மத்திய அரசின் மரபணு ஆய்வகக் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களோடு வந்தது, தமிழ்நாட்டு அரசின் சொந்த மரபணு ஆய்வகம் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் 2021-இல் திறந்தது. டெல்டாவின் மிகப் பழைய மாதிரிகள் மகாராஷ்டிராவில் 2020 அக்டோபரில் எடுத்தவை. அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம், 2021 மே மாதம் நான் ரத்து செய்த டிக்கெட்டுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.

பெயர் குழப்பம் ஒரு தனித் தலைவலி. டெல்டா என்று தேடினால் தளத்தில் 21ஏ, 21ஐ, 21ஜே என்று மூன்று. இன்னொரு முறைப்படி அதுவே பி.1.617.2. ஒரே ஆளுக்குப் பள்ளிப் பெயர், வீட்டுப் பெயர், ரேஷன் கார்டுப் பெயர். ஆனாலும் 2021 மே 31-இல் கிரேக்க எழுத்துப் பெயர்கள் வந்தது பெரிய நிம்மதி. அதற்கு முன்பு லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் ஆட்கள், 'இந்திய வைரஸ்' என்ற பேச்சைக் கேட்டு எவ்வளவு கூசிப்போனார்கள் என்பது எனக்குப் போனில் தெரியும்.

கைப்பேசியில் திறக்காதீர்கள். மரம் கசங்கிப்போய், விரல் வைத்தால் பக்கத்துப் புள்ளி திறக்கிறது. வடிகட்டிகள் ஒளிந்துகொள்கின்றன. பழைய லேப்டாப்பில்கூடக் கொஞ்சம் மூச்சு வாங்கும். 'நாடு வாரியாக எந்தத் திரிபு எத்தனை சதவீதம்' என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஹாட்க்ராஃப்ட் உருவாக்கிய கோவேரியண்ட்ஸ் தளம் எளிது. என் தம்பிக்கு அதைத்தான் காட்டினேன்.

பயண விவரத்தையும் மரபணுவையும் கவுண்டரிலேயே சேர்த்து வாங்கும் ஏற்பாடு இப்போது சில இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 செப்டம்பரில், முதலில் இந்தியாவிலிருந்து வரும் விமானங்களில் தொடங்கியது. விருப்பப்பட்ட பயணிகளிடம் மூக்கு மாதிரி எடுப்பார்கள், யார் பெயரும் எழுதுவதில்லை, எங்கிருந்து வந்தீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். பிறகு விமானக் கழிவறைத் தண்ணீரையும் பரிசோதித்தார்கள். 2023 ஆகஸ்டில் பிஏ.2.86 என்ற திரிபு, ஜப்பானிலிருந்து தலைநகர் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கிய ஒருவரிடம் இப்படித்தான் கிடைத்தது. நெக்ஸ்ட்ஸ்ட்ரெயினின் படத்தில் இந்த மாதிரிப் பயணி வரிசைகளுக்குத் தனி நிறம் கொடுத்தால் என் முக்கால்வாசிப் புகார் தீர்ந்துவிடும்.

ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று முழுக்கக் கோடுகளுக்காக.

முதல்முறை திறப்பவர்களுக்கு: பிளே பொத்தானைக் கடைசியாக அழுத்துங்கள். முதலில் உலகப்படத்தை மூடிவிட்டு மரத்தை மட்டும் வையுங்கள். நிறத்தை நாடு என்று மாற்றி, ஒரே நிறத்துக்கு நடுவே திடீரென்று வேறு நிறம் முளைத்திருக்கும் கிளையைத் தேடுங்கள். அதன் நுனியை அழுத்தினால் மாதிரி எடுத்த தேதி வரும். அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பு அந்த ஊரில் என்ன விடுமுறை, என்ன திருவிழா என்று யோசியுங்கள். எனக்கு இது இப்போது இரவு ஒன்பதரைக்கு மேல் பொழுதுபோக்கு. சீரியல் பார்ப்பதை விட்டு மூன்று வருடம் ஆகிறது.